ஒரு கிழமையில் 40 மணித்தியாலச் சேவை: மத்தியானச் சாப்பாடும் இதில் அடக்கமா?

ஒட்டுசுட்டான்:
நேற்று ஸ்காபரோ அப்பா என்பவர் இங்கே ஒரு பதிவு போட்டிருந்தார். வாசிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கனடாவின் ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் எடுக்க 40 மணித்தியாலம் சமூக சேவை செய்திருக்க வேண்டும். அவருடைய மகள் விடுமுறைக்கு முல்லைத்தீவுப் பக்கம் வந்து, ஒரு சனசமூக நிலையத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 இலிருந்து பின்னேரம் 4 வரை நின்று, 40ஐயும் ஒரே கிழமையில் முடித்துவிட்டாராம். சந்தோசம். அதோடு விட்டிருக்கலாம். "வன்னிப் பிள்ளைகளுக்குப் பொதுவேலை என்றால் என்னவென்றே தெரியவில்லை, டியூசன் டியூசன் என்று ஓடுகிறார்கள், இங்கேயும் உயர்தரம் எழுத முன் 40 மணித்தியாலத்தைக் கட்டாயமாக்க வேண்டும்" என்று எங்களுக்குப் புத்தி சொல்லி முடித்திருக்கிறார்.

ஐயா, ஒரு கேள்வி மட்டும். எட்டிலிருந்து நாலு வரை எட்டு மணித்தியாலம். பிள்ளை ஐந்து நாளும் மத்தியானம் சாப்பிடவில்லையா?

ஸ்காபரோ அப்பா:
நல்ல எண்ணத்தில் எழுதியதற்கு இதுதான் மரியாதை. நான் புதுக்குடியிருப்பில் பிறந்தவன் தம்பி, வன்னியைப் பற்றி எனக்கு நீங்கள் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. இந்த விதி ஒன்ராறியோவில் 1999 இலிருந்து இருக்கிறது. 9ஆம் தரத்துக்கு முந்திய கோடை விடுமுறையிலிருந்தே பிள்ளைகள் மணித்தியாலம் சேர்க்கலாம். நாங்கள் அதிபரிடம் முன்கூட்டியே கேட்டு, படிவத்தில் கையெழுத்து வாங்கித்தான் எல்லாம் செய்தோம். சாப்பாட்டு நேரம் செல்லும் என்று விதியிலேயே இருக்கிறது. தெரியாவிட்டால் தேடிப் பாருங்கள்.

ஒட்டுசுட்டான்:
சாப்பிடுவது சேவை என்று ஒரு மாகாண அரசாங்கம் சட்டம் போட்டிருக்கிறதா? அப்படியென்றால் எங்கள் ஊர்க் கோயில் அன்னதானத்துக்கு வருகிற சனம் எல்லாருக்கும் கனடாச் சான்றிதழ் கொடுக்கலாம்.

மாங்குளம் ரீச்சர்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். அந்த விதி சொல்வது வேறு. பள்ளி நாளில் பாடம் நடக்கிற நேரத்தில் செய்த வேலை கணக்கில் வராது, ஆனால் மதிய இடைவேளையிலோ பாடம் இல்லாத நேரத்திலோ பிள்ளை ஒரு சேவை செய்தால் வரும். அவ்வளவுதான். அப்புறம் இன்னொன்று: பாடத்துக்கு வெளியே செய்கிற விளையாட்டு, கழகம் மாதிரியான இணைப்பாடவிதானம் வேறு, சமூக சேவை வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். இங்கே பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியில், அதாவது உயர்தரப் பரீட்சைப் புள்ளிகளைப் பாடங்களுக்கிடையில் சமப்படுத்திய கணக்கில், போகிறது. 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வன்னியின் நாலு மாவட்டங்களும் அந்தப் பின்தங்கிய பட்டியலில்தான் இருக்கின்றன. விளையாட்டு மாதிரித் துறைகளில் பெரிதாகச் சாதித்தவர்களுக்கு ஒரு சின்ன விசேட வழி உண்டு. சேவை மணித்தியாலம் எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே முதலில் எதைப் பற்றிக் கதைக்கிறோம் என்று முடிவெடுப்போமா?

ஒட்டுசுட்டான்:
நன்றி ரீச்சர். ஆக, சாப்பாட்டு நேரம் செல்லாது. 5 நாள், நாளுக்கு ஒரு மணித்தியாலம். 40 இல் 5 போனால் 35. நான் சொல்லவில்லை, ரீச்சர் சொல்கிறார்.

மாங்குளம் ரீச்சர்:
நான் அப்படிச் சொல்லவே இல்லை.

ஸ்காபரோ அப்பா:
என் பிள்ளை சாப்பிட்டுக்கொண்டே சின்னப் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் கதைத்தாள். அதுவும் கற்பித்தல்தான். சோறு, பருப்பு, கத்தரிக்காய் எல்லாவற்றுக்கும் ஆங்கிலப் பெயர் சொல்லிக் கொடுத்தாள். படம் கூட இருக்கிறது.

ஒட்டுசுட்டான்:
வாயில் சோற்றை வைத்துக்கொண்டு உச்சரிப்பு வகுப்பு. 35.

பரந்தன் சந்தி:
மணித்தியாலக் கணக்கை விடுங்கோ. "பொதுவேலை என்றால் என்னவென்றே தெரியவில்லை" என்ற வசனம்தான் எனக்குச் சுடுகிறது. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு எல்லாம் வெள்ளத்தில் கிடந்தபோது இந்த அப்பா எங்கே நின்றார்? பள்ளிக்கூடங்கள் விடுமுறை. ஆனாலும் எங்கள் ஊர்ப் பள்ளி மண்டபத்தில் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் இரவு வரை நிலத்தில் இருந்து நிவாரணப் பொதி கட்டினார்கள். ஒருத்தி கடைத் தராசில் பருப்பு நிறுக்கிறாள். ஒரு பொடியன் இரும்பறுக்கிற வாள் அலகை மடித்து, பொலித்தீன் பையின் வாயை அதில் வைத்து மெழுகுதிரிச் சுடரில் ஒட்டுகிறான். விரல் நுனியெல்லாம் சுட்டுப்போய் இருந்தது. ஈரச் சாக்கு மணத்தில் நிற்க முடியவில்லை. யாரும் படிவம் கொண்டுவந்து நீட்டவில்லை, யாரும் கையெழுத்தும் வைக்கவில்லை.

ஒட்டுசுட்டான்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். ஆனால் பரந்தன் அண்ணை, "மணித்தியாலக் கணக்கை விடுங்கோ" என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை? கணக்கை விட்டால் இந்தப் பதிவே இல்லை. போன வருடம் கரப்பந்தாட்ட இறுதியாட்டத்திலும் புள்ளிக் கணக்கை விடுங்கோ என்றுதான் சொன்னீர்கள்.

பரந்தன் சந்தி:
அதை இங்கே ஏன் இழுக்கிறீர்? நான் உமக்குச் சார்பாகத்தானே எழுதினேன்!

உயர்தரப் பொடியன்:
வணக்கம். நான் இப்போது உயர்தரம் படிக்கிறேன், நெடுங்கேணிப் பக்கம். ஸ்காபரோ ஐயாவிடம் ஒரு சந்தேகம். உங்கள் விதியில் வீட்டில் வழக்கமாகச் செய்கிற வேலை சேராது என்று வாசித்தேன். சிறுபோக அறுவடைக்கு வயலில் நிற்பது, மாடு சாய்த்துக் கட்டுவது, தங்கச்சியைப் பள்ளியில் விடுவது எல்லாம் வீட்டு வேலை. சரி. ஆனால் எங்கள் ஊரில் யானை வந்தால் முறை போட்டு யானை வெடியோடு இரவு காவல் இருக்கிறோம். காப்பது என் வயலை மட்டுமல்ல, பக்கத்து நாலு வயலையும்தான். விடிய நாலு மணிக்கு வந்து படுத்து ஏழரைக்குப் பள்ளிக்கூடத்தில் நிற்க வேண்டும். இது எந்தப் பெட்டியில் போகும்?

ஒட்டுசுட்டான்:
தம்பி, நல்ல கேள்வி. ஆனால் பெரியவர்கள் கதைக்கும்போது இடையில் வராதே. போய்ப் படி.

உயர்தரப் பொடியன்:
டியூசன் டியூசன் என்று ஓடுகிறோம் என்று ஒருவர் ஏசுகிறார். போய்ப் படி என்று இன்னொருவர் ஏசுகிறார்.

வெள்ளவத்தை வன்னியன்:
எல்லாரும் 40, 35 என்று அடிபடுகிறீர்கள். உலகம் எங்கேயோ போய்விட்டது. அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்தில் 75 மணித்தியாலம். ஆனால் ஐ.பி. என்கிற சர்வதேசப் பாடத்திட்டத்தில் முன்பு 150 மணித்தியாலம் என்று இருந்ததை எடுத்தேவிட்டார்கள். இப்போது மணித்தியாலம் எண்ணுவதில்லை, 18 மாதம் தொடர்ந்து ஈடுபட்டதற்கு ஆதாரமும் என்ன படித்தேன் என்ற குறிப்பும்தான். பிள்ளைகள் மணிக்கூட்டைப் பார்த்து வேலை செய்கிறார்கள் என்றுதான் மாற்றினார்கள் போல.

ஸ்காபரோ அப்பா:
பார்த்தீர்களா? உலகம் முழுக்க ஏதோ ஒரு வடிவில் கட்டாயம் இருக்கிறது. என் கருத்துக்கு வலுச் சேர்த்ததற்கு நன்றி.

வெள்ளவத்தை வன்னியன்:
நான் சொன்னது அதற்கு நேர் எதிர்.

ஒட்டுசுட்டான்:
75 என்றாலும் 150 என்றாலும் மத்தியானச் சாப்பாட்டைக் கழிக்க வேண்டும். வெள்ளவத்தைக்காரருக்கு இது விளங்காது, கொழும்பில் மத்தியானம் கடையில் பார்சல் எடுப்பார்கள்.

கொக்குவில் குமாரன்:
நான் யாழ்ப்பாணம். வெளியில் நின்று பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஸ்காபரோ ஐயா சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சாரணர், சென் ஜோன்ஸ் முதலுதவிப் படை, இன்டரக்ட் கழகம் எல்லாம் எங்கள் பக்கம் எவ்வளவு உயிர்ப்பாக இருக்கிறது! வன்னியில் அந்தக் கலாசாரம் இன்னும் வளர வேண்டும்.

பரந்தன் சந்தி:
வந்துவிட்டார்கள். கடைசி பஸ் பின்னேரம் ஐந்துக்குப் போய்விட்டால் பத்துக் கிலோமீற்றர் கிரவல் ரோட்டில் சைக்கிள் உழக்குகிற பிள்ளை எந்தக் கழகக் கூட்டத்துக்கு நிற்கும்? யாழ்ப்பாணத்துக்குக் குடிக்க எங்கள் இரணைமடுத் தண்ணீர் மட்டும் வேண்டும், எங்கள் பிள்ளைகளின் கலாசாரம் காணாது.

கொக்குவில் குமாரன்:
தண்ணீருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அதுதான் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்களே. இன்னுமா அந்தக் கோபம்?

பரந்தன் சந்தி:
கமக்காரனுக்குக் கோபம் போக இரண்டு போகம் விளைய வேண்டும்.

மாங்குளம் ரீச்சர்:
தயவுசெய்து தண்ணீரை விடுங்கள். நான் வேறொன்று கேட்கிறேன். கட்டாயமாக்கினால் யார் கையெழுத்து வைப்பது? இப்போதே ஆசிரியராகப் படிக்கக் கல்வியியற் கல்லூரி நேர்முகத்துக்குப் போகிற பிள்ளைகள் சான்றிதழ்க் கோப்பைத் தடிப்பாக்க அலைகிறார்கள். போட்டியில் கலந்துகொள்ளாதவனுக்கும் "பங்குபற்றினார்" என்று ஒரு கடதாசி தா என்று பெற்றோரே வந்து நிற்கிறார்கள். 40 மணித்தியாலம் கட்டாயம் என்றால் அந்த வரிசை அதிபர் அறை வாசலிலிருந்து படலை வரை நீளும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மாமா நடத்துகிற நிறுவனம் கையெழுத்து வைக்கும். தாய் மட்டும் உழைக்கிற வீட்டுப் பிள்ளை, சனிக்கிழமை கூலிக்குக் கச்சான் பிடுங்கப் போகிற பிள்ளை, எங்கே போகும்? சம்பளம் வாங்கிய வேலையும் சேராது என்பதையும் மறக்காதீர்கள்.

ஒட்டுசுட்டான்:
ரீச்சர் நீட்டி எழுதினாலும் விஷயம் ஒன்றுதான். கையெழுத்து வைத்தவர் சாப்பாட்டு நேரத்தைக் கழித்தாரா இல்லையா?

ஸ்காபரோ அப்பா:
கையெழுத்து வைத்தவர் அந்த நிலையத்தின் தலைவர், ஓய்வுபெற்ற மனிதர், மரியாதையானவர். அவரையும் சந்தேகப்படுகிறீர்களா? என் மகள் அந்த நிலையத்தின் பத்திரிகை அலுமாரியைத் துடைத்து, கறையான் தின்ற பத்திரிகைக் கட்டுகளை வெளியில் எடுத்து வெயிலில் காயவிட்டாள். தும்மித் தும்மிக் கண் சிவந்துபோனது. வன்னியில் உள்ள யாராவது அந்த அலுமாரியைத் திறந்து பார்த்தார்களா?

ஒட்டுசுட்டான்:
திறந்து பார்த்தோம் ஐயா. உள்ளே கறையான். பூட்டினோம். அது எங்கள் ஊர் நடைமுறை.

சரி, அடுத்த கேள்வி. அந்த ஐந்து நாளும் பிள்ளைக்கு மத்தியானம் சமைத்தது யார்? நீங்களே உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள், "ஊர்ப் பெண்கள் அன்போடு சமைத்துத் தந்தார்கள்" என்று. தேங்காய் துருவி, விறகு ஊதி, மீன் வெட்டி எத்தனை மணித்தியாலம்? அது எந்தப் படிவத்தில் இருக்கிறது? உங்கள் மகளின் சாப்பாடு சேவை என்றால் சமைத்தவரின் சேவை அதற்கு இரண்டு மடங்கு. அதையும் கழித்தால் 35 கூட வராது.

உயர்தரப் பொடியன்:
அதைக் கழிக்க முடியாது அண்ணை, அது வேறு ஆளின் நேரம்.

ஒட்டுசுட்டான்:
இன்னும் படிக்கப் போகவில்லையா?

ஸ்காபரோ அப்பா:
இதைவிட மேலே நான் எழுதப் போவதில்லை. நல்லது செய்ய வந்தவனைக் கல்லால் எறிகிறீர்கள். அடுத்த வருடம் மகனைக் கூட்டிக்கொண்டு வேறு மாவட்டத்துக்குப் போகிறேன்.

பரந்தன் சந்தி:
கிளிநொச்சிக்கு வாங்கோ ஐயா. எங்களிடம் அலுமாரியும் இருக்கிறது, கறையானும் இருக்கிறது.

ஒட்டுசுட்டான்:
அதைப் பாருங்கோ, கிளிநொச்சிக்காரர் கட்சி மாறிவிட்டார். வெள்ளக் கதை சொன்ன வாயாலேயே வரவேற்புப் பத்திரம் வாசிக்கிறார். முல்லைத்தீவுக்கு வருகிற எதையும் இடையில் நின்று மறிப்பதே பரந்தன் சந்தியின் வேலை.

ஸ்காபரோ அப்பா:
எழுத மாட்டேன் என்றேன், ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கொரோனா வந்த 2020 இல் ஒன்ராறியோ அந்த வருடம் முடிக்கிற பிள்ளைகளுக்கு இந்த 40ஐயே விட்டுக்கொடுத்தது. அடுத்த வருடம் 20 ஆகக் குறைத்தது. அவ்வளவு மனிதாபிமானம் உள்ள ஊர். அங்கே போய் ஒரு மணித்தியாலச் சாப்பாட்டுக்கு யாரும் வழக்குப் போட மாட்டார்கள். படிவம் கொடுத்தாயிற்று, ஏற்றுக்கொண்டார்கள். 40.

வெள்ளவத்தை வன்னியன்:
அவர்களே ஒரு வருடம் இல்லாமல் சமாளித்தார்கள் என்றால், இங்கே ஏன் கட்டாயம் வேண்டும் என்கிறீர்கள்?

ஸ்காபரோ அப்பா:
உங்களோடு நான் கதைக்கவில்லை.

மாங்குளம் ரீச்சர்:
அந்தப் பொடியன் கேட்ட யானைக் காவலுக்கு யாராவது பதில் சொன்னீர்களா?

ஒட்டுசுட்டான்:
சொல்லலாம் ரீச்சர், முதலில் 35ஐ ஒத்துக்கொள்ளட்டும். மற்றது, பரந்தன் சந்தி இன்னும் பதில் தரவில்லை. இறுதியாட்டத்தில் வலையைத் தொட்டது எங்கள் பொடியன் இல்லை. காணொளி என்னிடம் இருக்கிறது.

பரந்தன் சந்தி:
போடும். அந்தக் காணொளியில் நீர் நடுவரை என்னவென்று ஏசினீர் என்பதும் கேட்கும்.

ஒட்டுசுட்டான்:
சத்தத்தை நிறுத்திப் போடுகிறேன்.