முதலீட்டுக்கு வீடு, மனை தேடியபோது நடந்தவை: சென்னைக்காரர்கள் பகிர்வு

நங்கநல்லூர்வாசி:
முதல் முறை முதலீடு செய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் ஓஎம்ஆர் (பழைய மாமல்லபுரம் சாலை) பக்கம்தான் போகிறார்கள். நானும் அங்கே மாதிரி வீடுகளைச் சுற்றிப் பார்த்தேன். நீச்சல் குளம், ஜிம் எல்லாம் காட்டுவார்கள். யூடிஎஸ் (வீட்டோடு சேர்ந்து வரும் பிரிபடாத மனைப் பங்கு) எவ்வளவு என்று கேட்டால் மட்டும் "மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன் சார்". கட்டடம் வருஷா வருஷம் தேயும். விலை ஏறுவது நம் பேருக்குப் பதிவாகும் அந்த மனைப் பங்குதான். அதைச் சொல்லவே தயங்குகிறவரிடம் என்ன பேச?

கடைசியில் வாங்கியது எங்கள் பகுதியிலேயே, லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் இரண்டாம் மாடி வீடு. இரண்டு கிரவுண்டில் (4,800 சதுர அடி) எட்டே வீடு, ஆளுக்கு 600 சதுர அடி மனை. ஓஎம்ஆரில் நான் பார்த்த எதிலும் இதில் பாதிகூட வரவில்லை. இந்த வீடு விளம்பரத்திலேயே இல்லை. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர்தான், "மேல் வீட்டு அம்மா பையனோட அமெரிக்கா போறாங்க, கொடுத்துடலாம்னு இருக்காங்க" என்றார். எந்த வீடு காலியாகப் போகிறது என்பது தரகரைவிட இவர்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. அந்த அம்மா மூலப்பத்திரத்திலிருந்து வரி ரசீதுவரை ஒரு மஞ்சள் பையில் அடுக்கி வைத்திருந்தார். வக்கீலுக்கு வேலையே இல்லை.

பழைய கட்டடம் என்று பயப்படுகிறவர்களுக்கு: 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தில், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்ட வழி இருக்கிறது. ஒருவர் முரண்டு பிடித்தால் எல்லாம் நின்றுபோகும் என்ற நிலைமை இப்போது இல்லை. ஆனால் வாடகையிலேயே தவணை கட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். வீட்டு விலையில் வருஷத்துக்கு 3 சதவீதம் வாடகை வந்தாலே இங்கே நல்ல வீடு. கடன் வட்டி அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

ஜிஎஸ்டி ரோடு ஆள்:
நான் மனை தேடினேன். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததிலிருந்து எந்த மனையைப் பார்த்தாலும் அங்கிருந்து "பத்தே நிமிஷம்" தான். யார் கடிகாரத்தில் என்று தெரியவில்லை. இலவச வேன், மதியச் சாப்பாடு எல்லாம் உண்டு. கூட்டிப்போன ஏஜென்ட் காட்டிய வரைபடத்தில் பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து மட்டும் இருந்தது. மனைப்பிரிவுக்கு அனுமதி சிஎம்டிஏவோ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) டிடிசிபியோ (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லவா தர வேண்டும் என்றேன். "வரன்முறை பண்ணிக்கலாம் சார்" என்றார். அனுமதி இல்லாததைப் பிறகு முறைப்படுத்தும் அந்த வசதி, 2016 அக்டோபர் 20வரை உருவான மனைப்பிரிவுகளுக்குத்தான். இதில் முதல் விற்பனைப் பத்திரம் எந்தத் தேதி என்று கேட்டேன். அப்புறம் திரும்பி வரும்வரை அவர் என் பக்கத்து சீட்டில் உட்காரவே இல்லை. சாப்பாடு நன்றாக இருந்தது.

முடிச்சூர் மாப்பிள்ளை:
எங்கள் பக்கம் வாங்க வருகிறவர்கள் ஏப்ரலில் வருகிறார்கள். டிசம்பரில் வாருங்கள். 2015 வெள்ளத்தில் நாங்கள் பட்டது ஊருக்கே தெரியும். 2023 மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் தண்ணீர் நின்றதும் அப்படித்தான். வீட்டுக்காரர் புது பெயின்ட் அடித்துவிடுவார். மீட்டர் பெட்டியைப் பாருங்கள்: ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஒரு வீட்டில் நான் கேட்டபோது உரிமையாளர், "பசங்க கை வைக்கக் கூடாதுன்னுதான்" என்றார். எதிர்வீட்டுப் பாட்டி வாசலில் நின்றபடியே தண்ணீர் எதுவரை வந்தது என்று தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

அம்பத்தூர் அக்கா:
வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல்) சுத்தமாக இருக்கிறது என்று ஒரு அண்ணன் தம்பி விற்க வந்தார்கள். சொத்து அவர்கள் அப்பா சம்பாதித்தது, உயில் கிடையாது. வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் மூன்றாவதாக ஒரு பெண் பெயர். "அவளுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே" என்றார்கள். உயில் இல்லையென்றால் இந்துக் குடும்பத்தில் மகளுக்கும் சமபங்கு உண்டு. பதிவாகாத உரிமை வில்லங்கச் சான்றில் வராது. தங்கை பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டால்தான் முன்பணம் என்று சொல்லிவிட்டேன்.

நங்கநல்லூர்வாசி:
பத்திரப் பதிவுச் செலவு கேட்டு எழுதியவர்களுக்கு: மனைக்கும் பழைய வீட்டுக்கும் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். இதற்குப் பொதுவாக வங்கிக் கடன் கிடைக்காது, கையில் இருக்க வேண்டும். தரகர் கமிஷனை வீடு பார்க்கும் முன்பே பேசிவிடுங்கள்.