வெள்ளை நாற்று: புதுப்பிப்பு

படுவான்கரை வயலொன்றில் எடுத்த ஏடி 362 என்ற நெல்லினத்தின் விதைநெல்லில் அங்கங்கே சுத்த வெள்ளையாக நாற்று வருகுது, இது சத்துக் குறைபாடா, விகாரமா (பரம்பரையலகில் வந்த மாற்றமா) என்று போன முறை கேட்டிருந்தேன். இரும்புச்சத்து அடித்துப் பார்க்கச் சொன்ன அண்ணாவுக்கு நன்றி. அடித்தோம், ஒரு மாற்றமும் இல்லை.

மறுகா வந்தாறுமூலையில் ஆய்வுகூடத் தட்டுகளில் ஒரே தாய்ச்செடியின் விதைகளை முளைக்க வைத்தோம். 212 நாற்றில் பச்சை 161, வெள்ளை 51. ஒரேயொரு பரம்பரையலகுதான் காரணம் என்றால் பச்சையும் வெள்ளையும் 3:1ஆக, அதாவது 159:53 வரவேண்டும். எதிர்பார்த்ததுக்கும் வந்ததுக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கிற கை வர்க்கப் பெறுமானம் 0.1 தான், 3.84ஐத் தாண்டினால்தான் சந்தேகப்படவேணும். ஆக, ஒற்றைப் பின்னிடைவான பரம்பரையலகு, அதாவது அதன் இரண்டு பிரதியும் பழுதானால்தான் நாற்று வெள்ளையாகும். இலைக்குப் பச்சை நிறம் தருகிற பச்சையவுருமணியின் சொந்த டிஎன்ஏயில் மாற்றம் என்றால் அது நெல்லில் தாய்வழியாகத்தான் கடத்தப்படும், இந்த விகிதம் வராது.

வெள்ளை நாற்றைப் பார்க்கப் பாவம். நுனி முதல் அடி வரை கடதாசி மாதிரி, நரம்புகூடத் தெரியாது. விதையில் இருக்கிற மாப்பொருள் தீர, மூன்றாம் இலையோடு வாடிவிடும். அப்ப இந்த விகாரத்தை எப்படிக் காப்பாற்றுவது? பச்சைச் சகோதரங்களை வைத்துத்தான். அதுகளில் மூன்றில் இரண்டு பங்கு விகாரத்தை ஒளித்து வைத்திருக்கும். ஒவ்வொன்றின் விதையையும் தனித்தனி உறையில் போட்டு முளைக்க வைத்தால் எது என்று தெரிந்துவிடும். சலிப்பான வேலை, ஆனால் குறுக்குவழி இல்லை.

எந்தப் பரம்பரையலகு என்பது இன்னும் பிடிபடவில்லை. இப்ப இலையிலிருந்து டிஎன்ஏ பிரிக்கிறோம், பிசிஆர் (டிஎன்ஏயின் ஒரு துண்டைப் பல பிரதியாக்குகிற முறை) அடுத்தது.