அப்பாவிடம் புற்றுநோய் என்று சொல்வதா, வேண்டாமா?

மூத்தமகள்:
அப்பாவுக்கு 67 வயது. இரைப்பையில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. அவரிடம் குடல் புண் என்று சொல்லி வைத்திருக்கிறோம். கீமோவைக் கூட "புண் ஆற ஏத்துற மருந்து" என்கிறோம். அண்ணனும் சித்தப்பாவும் வாயே திறக்கக் கூடாது என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

காவிரிக்கரையான்:
சொல்லாதே தங்கச்சி. எங்கள் பெரியப்பாவிடம் டாக்டர் நேரடியாகச் சொல்லிவிட்டார். அன்றோடு அவருக்குச் சோறு இறங்கவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். விஷயம் வெளியே தெரிந்ததும் ஊரே ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து கட்டில் பக்கத்தில் நின்று அழுதது. கவலைப்பட நாம் இருக்கிறோம். அந்தப் பாரத்தை எதற்கு அவர் தலையில் ஏற்ற வேண்டும்?

வார்டுசெவிலி:
நான் புற்றுநோய் வார்டில் வேலை பார்க்கிறவள். டாக்டர் கூப்பிட்டதும் மகன்கள் உள்ளே போவார்கள், ஐயாவை மட்டும் வெளியே பெஞ்சில் உட்கார வைப்பார்கள். பக்கத்தில் முடி கொட்டிப்போன ஒரு அம்மா, "உங்களுக்கு இது எத்தனாவது கீமோ?" என்று சாதாரணமாகக் கேட்பார். அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? ராத்திரி மகன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து எங்களைக் கூப்பிடுவார்கள். "சிஸ்டர், இது அந்த வியாதிதானே? நான் கேட்டேன்னு பையன்கிட்ட சொல்லிடாதீங்க." நான் பார்த்தவர்களில் பலருக்கு விஷயம் தெரிந்தே இருந்தது. பேச ஆள்தான் இல்லை.

காவிரிக்கரையான்:
எல்லாரும் அப்படி இல்லை. டாக்டர்களுக்கான இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறைகளிலேயே நோயாளி, உறவினர் அல்லது பொறுப்பான நண்பர் நிலைமையை அறிந்திருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. நோயாளியிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை.

நேர்ப்பேச்சு:
அதற்கு முந்தின வரியையும் படியுங்கள். நோயின் கடுமையை மிகைப்படுத்தவும் கூடாது, குறைத்துச் சொல்லவும் கூடாது. பரவிவிட்ட புற்றுநோயைக் குடல் புண் என்பது என்ன கணக்கு? மீள முடியாத நிலை வந்தால் வென்டிலேட்டர் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க 2018-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023-ல் அந்த நடைமுறையை எளிதாக்கியது, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போடலாம். தனக்குப் புண் என்று நம்புகிற மனுஷர் எதை எழுதி வைப்பார்?

காவிரிக்கரையான்:
காகிதம் இருக்கட்டும். வலி இல்லாமல், நம்பிக்கையோடு இருந்தால் போதாதா?

வார்டுசெவிலி:
அண்ணே, வலி குறையவும் மறைக்காமல் பேசத்தான் வேண்டும். கடும் வலிக்குத் தரும் சாதாரண மார்பின் மாத்திரையை, வலி வரட்டும் என்று காத்திருக்காமல், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை தவறாமல் போட வேண்டும். மலச்சிக்கல் வரும், அதற்கும் கூடவே மருந்து வேண்டும். "எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது" என்று அவர் சொன்னால்தான் அளவைக் கூட்டிக் குறைக்க முடியும். பிள்ளைகள் பயந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவரை நான் பார்த்திருக்கிறேன். 2021-ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இப்படி வலியைத் தணிக்கும் ஆதரவு சிகிச்சைக்கு வீட்டுக்கே வருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மஞ்சள்ஃபைல்:
எனக்கு மார்பகப் புற்றுநோய். என்ன நோய், என்ன சிகிச்சை என்று எல்லாம் கேட்டுக்கொண்டேன். எத்தனை மாதம் என்று மட்டும் கேட்கவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்தேன். என்னை உறுத்தியது வேறு: நான் கூடத்துக்கு வந்ததும் எல்லோரும் சட்டென்று பேச்சை மாற்றுவார்கள். மூத்தமகள், அப்பாவிடமே கேளுங்கள். "ரிப்போர்ட்டில் வர்றதை உங்ககிட்ட சொல்லணுமாப்பா, இல்ல அண்ணன்கிட்ட பேசிக்கட்டுமா?" அண்ணனிடம் என்றால் அதோடு விடுங்கள், அவர் விருப்பம்.

காவிரிக்கரையான்:
அப்படிக் கேட்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கட்டிலில் கிடக்கிறவரிடம் நாள் கணக்கு சொல்லக் கூடாது. அதில் நான் மாற மாட்டேன்.

மூத்தமகள்:
இதையெல்லாம் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். "கேளு, ஆனா நானும் கூட இருக்கணும்" என்றான். வியாழக்கிழமை கீமோ, அதற்கு முன்னால் கேட்கிறோம். சித்தப்பாதான் இன்னும் பிடிவாதமாக இருக்கிறார்.

வார்டுசெவிலி:
டாக்டரிடம் முந்தின நாளே சொல்லி வையுங்கள் அம்மா. ஓ.பி. கூட்டத்தில் வேண்டாம், தனியாக உட்கார்ந்து பேச நேரம் கேளுங்கள். சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.