ஃபோர்ஸ் ஃபீட்பேக்கைக் கூட்டக் கூட்ட ஸ்டீயரிங் ஊமையாகிறது: உதவி தேவை

கேள்வி (சாட்ஸ்வர்த், டர்பன்)

அனைவருக்கும் வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன், ஒருவர் பயன்படுத்திய லாஜிடெக் ஜி29 ஸ்டீயரிங் வீல் ஒன்றை வாங்கி, அசெட்டோ கோர்சா என்ற கார்ப் பந்தயக் கணினி விளையாட்டில் மான்ஸா தடத்தில் ஓட்டிப் பழகி வருகிறேன். நேர்ச்சாலையில் வீல் நடுவில் நிற்கும்போது, இடமும் வலமுமாக ஏறத்தாழ இரண்டு விரல் அகலத்துக்குக் கையில் எந்தப் பிடிமானமும் தெரிவதில்லை. அந்த அகலத்தைத் தாண்டியதும் திடீரெனக் கனக்கிறது. வளைவுக்குள் நுழைந்த பிறகோ, அது மெதுவான வளைவானாலும் பரபோலிகாவைப் போன்ற நீண்ட, வேகமான வளைவானாலும், கனம் ஒரே அளவாகவே இருக்கிறது. முன் டயர்கள் பிடியை இழந்து கார் வெளிப்புறமாக ஒதுங்குவதைத் திரையில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

ஃபோர்ஸ் ஃபீட்பேக், அதாவது வீல் தன் மோட்டார்களால் கைக்குத் தரும் விசை, போதவில்லை போலும் என்று எண்ணி அதன் மொத்த அளவான கெயினை 100 ஆக வைத்ததோடு, அந்தக் காருக்கு மட்டுமான அளவையும் 140 வரை ஏற்றினேன். கை வலித்ததே தவிர வேறு பயனில்லை. மிகச் சிறிய விசைகளை உயர்த்தித் தரும் மினிமம் ஃபோர்ஸ் 0. கெர்ப் (தடத்தின் ஓர மேடு), ரோடு, ஸ்லிப் (டயர் வழுக்கல்) ஆகிய மூன்று எஃபெக்டுகளும் 40. லாஜிடெக்கின் அமைப்பு நிரலான ஜி ஹப்பில் வீலை மையத்துக்கு இழுக்கும் ஸ்பிரிங் இயக்கத்தில் இருக்கிறது. முதல் சிக்கேனில் (இடவலமாக நெளியும் வளைவில்) கெர்ப் மீது ஏறினால் மேசையே கடகடவென்று அதிர்கிறது. அடுத்த அறையில் ஆயா உறங்குவதால் இரவு எட்டு மணிக்கு மேல் ஓட்டவே முடிவதில்லை.

இன்னொன்று: மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும் சில நாட்களில், கார் நேராகப் போவதற்கு வீலைச் சற்று இடப்பக்கம் திருப்பியே பிடிக்க வேண்டியிருக்கிறது. வீலே பழுதாகிவிட்டதா, அல்லது நான்தான் எதையோ தவறாக வைத்திருக்கிறேனா? அண்ணன்மார் யாரேனும் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் (பீனிக்ஸ், டர்பன்)

வணக்கம் தம்பி. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் வீல் பழுதாகவில்லை. அதன் மோட்டார்களால் தர முடிந்த விசை சுமார் 2 நியூட்டன் மீட்டர்தான்; விளையாட்டு அதைவிட மிகுதியாகக் கேட்கும்படி நீங்கள் வைத்திருக்கிறீர்கள். நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றினால் குடத்திலுள்ள நீர் கூடுவதில்லை, வழிந்துதான் ஓடுகிறது. விளையாட்டு மோட்டாருக்கு அனுப்பும் விசையின் கட்டளை 100 விழுக்காட்டைத் தொட்டபின், அதற்கு மேலுள்ள ஏற்ற இறக்கம் அனைத்தும் அப்படியே வெட்டுப்பட்டுப் போகும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள்.

இதனால் நீங்கள் இழப்பது என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். உண்மையான காரில் வீலை நடுவுக்குத் திருப்பும் விசை, டயரின் பக்கவிசையும், அந்த விசை டயர் தரையைத் தொடும் பகுதியின் நடுப்புள்ளிக்கு எவ்வளவு பின்னால் செயல்படுகிறது என்ற தூரமும் சேர்ந்து உண்டாவது. டயர் தன் பிடியின் எல்லையை நெருங்கும்போது பக்கவிசை இன்னும் ஏறிக்கொண்டிருந்தாலும், அந்தத் தூரம் அதற்கு முன்னரே சுருங்கத் தொடங்கிவிடுகிறது. ஆகவே கார் வழுக்குவதற்குச் சற்று முன்பே ஸ்டீயரிங் இலேசாகிறது. அந்த இலேசாகும் கணம்தான் ஓட்டுநருக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. உங்கள் அமைப்பில் கட்டளை 140இலிருந்து 110க்கு இறங்கினாலும் மோட்டார் 100இலேயே நிற்கிறது. எச்சரிக்கை வந்தும் உங்கள் கையை எட்டவில்லை. கனமான வீல்தான் உண்மையான வீல் என்று நானும் வெகுகாலம் நம்பியிருந்தேன். விசைக்கு மேலே கொஞ்சம் இடம் மிச்சம் வைத்தால்தான் அது பேசும்.

இதைக் கண்ணால் காணவும் வழி உண்டு. ஓட்டும்போது மவுஸைத் திரையின் வலது ஓரத்துக்குக் கொண்டுசென்றால் சிறு பட்டியல் திறக்கும். அதில் பெடல்களைக் காட்டும் கருவியைத் தேர்ந்தெடுங்கள். கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் ஆகியவற்றின் பட்டைகளுக்கு அருகே ஃபோர்ஸ் ஃபீட்பேக்குக்கும் ஒரு சாம்பல் நிறப் பட்டை இருக்கும். கிளிப்பிங் நேர்ந்தால் அது சிவப்பாக மாறும். பரபோலிகாவை உங்கள் வழக்கமான வேகத்தில் சுற்றுங்கள். வளைவு முழுவதும் பட்டை சிவந்தே நிற்குமானால், எண் விசைப்பலகையிலுள்ள கழித்தல் குறியை அழுத்தி அந்தக் காரின் அளவைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். கெர்ப் மீது ஏறும் நொடியில் மட்டும் சிவப்பு மின்னி மறையும் நிலை வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அந்த எண் எனக்கு எவ்வளவு என்பது உங்களுக்கு உதவாது, ஏனெனில் ஒவ்வொரு காருக்கும் அது மாறும்.

கெர்ப், ரோடு, ஸ்லிப் மூன்றையும் 0 ஆக்கிவிடுங்கள். அவை மேலாகச் சேர்க்கப்படும் செயற்கை அதிர்வுகள். தடத்தின் உண்மையான மேடுபள்ளம் சஸ்பென்ஷன் வழியாக ஏற்கெனவே உங்கள் கைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. மேசையின் கடகடப்பில் பெரும்பகுதி இதனாலேயே அடங்கும். ஜி ஹப்பிலுள்ள ஸ்பிரிங்கையும் நிறுத்துங்கள்; காரின் விசையோடு வேறொரு விசை கலந்தால் எது டயர் சொல்வது, எது ஸ்பிரிங் சொல்வது என்று பிரித்தறிய முடியாது. சுழற்சி வரம்பு ஜி ஹப்பிலும் விளையாட்டிலும் 900 பாகையாகவே இருக்கட்டும்.

நடுவில் தெரியும் அந்த வெறுமை தனிக் கதை. ஜி29இல் மோட்டாரின் விசை பல்சக்கரங்கள் வழியாகவே வீலை அடைகிறது. சிறிய கட்டளைகள் அந்தச் சக்கரங்களின் உராய்வை வெல்ல முடியாமல் உள்ளேயே அடங்கிவிடுகின்றன. மினிமம் ஃபோர்ஸ் அதைச் சரிக்கட்டும். 5இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். நேர்ச்சாலையில் பிடியை இலேசாகத் தளர்த்தியதும் வீல் தானாக இடவலமாக நடுங்கத் தொடங்கினால், இரண்டு அளவு பின்வாங்குங்கள்.

பதில் (லெனேசியா, ஜோகானஸ்பர்க்)

மேலே அண்ணன் சொன்னது முழுவதும் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மினிமம் ஃபோர்ஸ் நடுப்பகுதியின் வெறுமையை நிரப்புமே தவிர, அதற்கு மேல் கட்டளையும் விசையும் சீராக ஏறும் என்பதற்கு உறுதி தராது. அதற்கு வீல்செக் என்ற இலவச நிரலால் வீலை அளக்கலாம்: கட்டளையைப் படிப்படியாக ஏற்றி, வீல் ஒவ்வொரு படியிலும் எவ்வளவு நகர்ந்தது என்று அது பதிவுசெய்யும். அளவீடு முடியும்வரை வீலில் கை வைக்கக் கூடாது. அந்தப் பதிவை எல்யூடி ஜெனரேட்டர் என்ற மற்றொரு நிரலில் கொடுத்தால் திருத்த அட்டவணைக் கோப்பு ஒன்று கிடைக்கும். அசெட்டோ கோர்சாவின் அமைப்புக் கோப்புறையில் அதை வைத்து, அதற்குரிய அமைப்புக் கோப்பில் இயக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதன்பின் மினிமம் ஃபோர்ஸ் கட்டாயமாக 0 ஆக இருக்க வேண்டும். இரண்டும் ஒருசேர இருந்தால் வீல் நேர்ச்சாலையிலேயே உதறும். இந்தத் தவறைச் செய்துவிட்டு ஒரு முழு வார இறுதியை நான் வீணாக்கியிருக்கிறேன்.

பிற்பாடு இதே வரிசையின் அடுத்த விளையாட்டான அசெட்டோ கோர்சா கம்பெடிட்சியோனேவுக்குப் போவீர்களானால், 2020இல் வந்த கூடுதல் தொகுப்பில் நம் கியாலாமி பந்தயத் தடம் இருக்கிறது, 4.522 கிலோமீட்டர். அங்குள்ள மைன்ஷாஃப்ட் என்ற இறக்கத்தின் அடியில் காரின் எடை முன்சக்கரங்கள் மீது அழுந்தும் இடத்தில் கிளிப்பிங் இல்லாதபடி கெயினை வைத்துப் பாருங்கள். தடத்தின் மற்றப் பகுதிகளில் வீல் முதலில் மெலிந்ததாகத் தோன்றும்; பத்துச் சுற்றுக்குள் கை பழகிவிடும்.

மறுமொழி (சாட்ஸ்வர்த்)

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை முழுவதும் இதிலேயே இருந்தேன். பட்டை பரபோலிகாவில் மட்டுமன்று, மான்ஸாவின் இரண்டு லெஸ்மோ வளைவுகளிலும் சிவந்தே நின்றிருக்கிறது. 140ஐக் குறைத்துக் குறைத்து 72இல் நிறுத்தினேன். மினிமம் ஃபோர்ஸ் 16இல் நடுங்கியதால் 14இல் வைத்திருக்கிறேன். இரண்டாம் லெஸ்மோவில் சற்று அதிக வேகத்தோடு நுழைந்தபோது, இறுக்கிப் பிடித்திருந்த கயிற்றை எதிர்ப்பக்கத்தில் யாரோ ஒரு கணம் தளர்த்தியது போல வீல் இலேசானது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். கார் தடத்திலேயே நின்றது. இந்த மூன்று வாரங்களில் திரையைப் பார்க்கும் முன் கை அறிந்தது இதுவே முதன்முறை. அட்டவணைக் கோப்பை இந்த வார இறுதியில் முயல்கிறேன். மின்வெட்டுக்குப் பின் நடு விலகும் சிக்கல் மட்டும் மீதமிருக்கிறது.

பதில் (பீனிக்ஸ், டர்பன்)

மகிழ்ச்சி தம்பி. மின்சாரம் வந்ததும் வீல் இருபுறமும் தானே சுழன்று தன் எல்லைகளை அளந்து, அவற்றின் நடுவைக் கண்டுகொள்ளும். அந்தச் சில நொடிகளில் கையோ, பெடலின் கம்பியோ, மேசையில் கிடக்கும் ஏதேனும் பொருளோ அதைத் தடுத்தால் நடு தவறிவிடும். மின்வெட்டு வந்தவுடன் அடாப்டரையும் யூஎஸ்பி கம்பியையும் கழற்றிவிடுங்கள். மின்சாரம் நிலைபெற்ற பின் இரண்டையும் செருகி, வீல் சுழன்று ஓயும்வரை எதையும் தொடாமல் இருங்கள். யூஎஸ்பியைக் கிளைப்பெட்டி வழியாக இணைத்திருந்தால், நேராகக் கணினியிலேயே செருகுங்கள்.

ஆயாவின் உறக்கத்துக்கு, மேசையின் கால்களுக்குக் கீழே கெட்டியான ரப்பர்த் துண்டுகளை வையுங்கள். வீலை மேசையோடு பிணைக்கும் கிளாம்புகளையும் கையால் இறுக்கிப் பாருங்கள், அவை நாளடைவில் தளரும்.

மறுமொழி (சாட்ஸ்வர்த்)

இன்று பிற்பகல் இரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லை. நீங்கள் சொன்னபடியே கழற்றி வைத்துப் பிறகு செருகினேன். நடு சரியாக இருக்கிறது. இடப்பக்கத்துக் கிளாம்பு உண்மையிலேயே பாதி தளர்ந்திருந்தது. வேறொரு காரை எடுத்தபோது 72இலும் பட்டை சிவந்ததால் அதற்கு 61 வைத்திருக்கிறேன். இனி காருக்கொரு எண்ணாகக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன். ஆயா நேற்றிரவு பத்து மணிவரை எழவில்லை.