கணினி இயக்கிய தொலைபேசி இணைப்பகம் ஏன் அனலாக் வகையில் சேர்க்கப்படுகிறது?

கேள்வி:
அமெரிக்காவில் 1965-இல் சேவைக்கு வந்த 1ஈஎஸ்எஸ் என்ற தொலைபேசி இணைப்பகத்தைக் கணினி நிரலே இயக்கியது. அப்படியிருக்க, டிஜிட்டல் இணைப்பு முறை அதற்குப் பிறகே தொடங்கியதாகப் பாடநூல்கள் கூறுவது ஏன்?

மறுமொழி 1:
கட்டுப்பாடும் பேச்சுப் பாதையும் வெவ்வேறு என்பதே இங்கு முக்கியம். எந்த இணைப்பை ஏற்படுத்துவது என்பதைக் கணினி தீர்மானித்தாலும், கண்ணாடிக் குழாய்க்குள் அடைக்கப்பட்ட உலோகத் தொடுமுனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, அவற்றின் வழியே குரலின் மின்னோட்டம் அப்படியே பாய்ந்தது. டிஜிட்டல் முறையில், குரல் நொடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 8 பிட்டுகளாக நினைவகத்தில் எழுதப்படுகிறது. எழுதிய வரிசையை மாற்றிப் படிப்பதே இணைப்பாகிவிடுகிறது. தொடுமுனையே தேவையில்லாத இந்த எளிமை என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

மறுமொழி 2:
மாற்றத்தைத் தூண்டியது இணைப்பகங்களுக்கு இடையேயான தடங்கள்தாம் என்பது என் கருத்து. 1962 முதல் டி1 தடங்கள் 24 உரையாடல்களை டிஜிட்டலாகச் சுமந்து வந்தபோதிலும், ஒவ்வோர் இணைப்பகத்திலும் அவற்றை அனலாக்காக மாற்றி, மீண்டும் டிஜிட்டலாக்க வேண்டியிருந்தது. 1976-இல் சிகாகோவில் இயங்கத் தொடங்கிய 4ஈஎஸ்எஸ் என்ற டிஜிட்டல் இணைப்பகம் அந்த வீண்வேலையைத் தவிர்த்தது. உள்ளூர் இணைப்பகங்களிலோ குரலை டிஜிட்டலாக்கும் மாற்றி ஒன்று சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் தேவைப்பட்டதால், சில்லுகள் மலிவாகும்வரை பெரும்பாலான இடங்களில் காத்திருக்க வேண்டியதாயிற்று; பிரான்சு மட்டும் 1970-இலேயே ஈ10 என்ற டிஜிட்டல் அமைப்பை நிறுவியிருந்தது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் வீட்டுக்கு வரும் செப்புக் கம்பியும் மாறியதா?

மறுமொழி 1:
இல்லை. அது பெரும்பாலும் அனலாக்காகவே நீடித்தது. அந்தக் கம்பி வந்து சேரும் இணைப்பகத்து மின்சுற்று அட்டையான லைன் கார்டுதான் குரலை டிஜிட்டலாக்கியது.