பரிமாறும் மரத்தட்டுக்கு எந்த மரம் ஏற்றது?

கேள்வி:
விருந்தினருக்குக் காபியும் பலகாரமும் கொண்டுவர, கைப்பிடியுள்ள மரத்தட்டு ஒன்றைத் தச்சரிடம் செய்யச் சொல்ல எண்ணியிருக்கிறேன். முன்பு கடையில் வாங்கிய மாமரத் தட்டின் அடிப்பலகை ஒரே கோடையில் ரேகையின் போக்கிலேயே வெடித்துவிட்டது. தேக்கு, ஈட்டி, வேங்கை ஆகியவற்றுள் எதைக் கேட்கலாம்?

இழைப்புளி:
தேக்கையே சொல்வேன். அதில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு. காய்ந்தபின் சுருங்குவதும் விரிவதும் குறைவு. பழைய வீட்டுக் கதவிலிருந்து எடுத்த பலகை கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால், உள்ளே முறிந்த ஆணி இருக்கிறதா என்று பார்க்காமல், மரத்தைச் சீவும் இழைப்புளியை வைக்கக் கூடாது. வைரம் பாய்ந்த பகுதியாகப் பார்த்து வாங்குங்கள். ஓரத்து வெளிர்மரத்தைப் பூச்சி எளிதில் அரித்துவிடும். வேங்கை உறுதியானதுதான் என்றாலும், ஈரம் பட்டால் மஞ்சள் சாயம் விடும் என்பதால் வெள்ளை மேசைவிரிப்புக்கு ஆகாது. ஈட்டியின் அழகுக்கு ஈடில்லை. ஆயினும் கன மீட்டருக்குத் தேக்கு ஏறத்தாழ 650 கிலோ என்றால் ஈட்டி 800 கிலோவைத் தாண்டும், கை வலிக்கும். தமிழ்நாட்டில் அம்மரத்தைக் காப்பதற்கென்றே 1994இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது; ஆகவே ரசீது இல்லாத ஈட்டியைத் தொடாதீர்கள்.

காடி:
மரத்தைவிட, பலகையைப் பொருத்திய விதத்தையே நான் சந்தேகிக்கிறேன். எந்தப் பலகையும் நீளவாக்கில் அநேகமாக மாறுவதில்லை. அகலவாக்கில்தான் ஈரத்துக்கு விரிந்து, வெயிலுக்குச் சுருங்கும். நான்கு ஓரங்களிலும் பசையிட்டு ஆணியடித்துவிட்டால், சுருங்க வழியில்லாத பலகை நடுவில் வெடிக்காமல் என்ன செய்யும்? தட்டின் சுற்றுச்சட்டத்தின் உட்புறம் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்து, அடிப்பலகையைப் பசையின்றிச் செருகி, அகலப் பக்கங்களில் ஓரிரு மில்லிமீட்டர் இடம் விடச் சொல்லுங்கள். சித்திரையில் செய்தால் சற்றுத் தாராளமாக விட வேண்டும். ஐப்பசி மழையில் செய்தால், பலகை ஏற்கெனவே விரிந்திருக்கும் என்பதால் இறுக்கமாக இருந்தாலும் பாதகமில்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி. அடிக்கு மட்டும் பிளைவுட் போடலாம் என்கிறார் தச்சர். மேலே நல்லெண்ணெய் தேய்த்தால் போதுமா?

காடி:
பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் அது விரிவதில்லை, சுற்றிலும் பசையிடலாம். ஆனால் வெட்டு விளிம்பு வெளியே தெரிந்தால் பார்வைக்கு நன்றாயிராது.

இழைப்புளி:
நல்லெண்ணெய் வேண்டாம், அது நன்றாக உறையாது, பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி, மிஞ்சியதைத் துடைத்து, முழுவதும் காய்ந்த பிறகு மறுபூச்சு கொடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பற்றும். நீரில் நனைத்து, விரித்துக் காயவிடுங்கள்.