அரசுப் பள்ளியில படிச்சு எம்பிபிஎஸ் போன பிள்ளைங்க ஊர் டாக்டரா வரணும்னா நாம என்ன செய்யணும்?

மலையடிவார_டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். ஜவ்வாது மலை அடிவாரத்துல ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில 14 வருஷமா விலங்கியல் எடுக்கிறேன். 2020ல அரசுப் பள்ளி பிள்ளைங்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்ததுக்கு அப்புறம் எங்க ஸ்கூல்ல இருந்து மூணு பேர் எம்பிபிஎஸ் போயிருக்காங்க, அதுக்கு முன்னாடி ஒருத்தர் கூட கிடையாது. ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாத்தையும் கவர்மெண்ட்டே பார்த்துக்குது, அதனால பணத்தால யாரும் நிக்கல. பிரச்சனை வேற இடத்துல.

ஒரு பொண்ணு மலை மேல இருக்கிற ஊரு. அங்க இன்னும் வண்டி போற ரோடு சரியா இல்ல, பிரசவ வலின்னா டோலி கட்டித்தான் இறக்கிட்டு வரணும், அவ அத்தையையே அப்படித்தான் இறக்கினாங்க. பிளஸ் ஒன்ல என்கிட்ட சொன்னா, டீச்சர் நான் டாக்டராகி எங்க ஊருக்கே வந்துடுவேன்னு. இப்ப முதல் வருஷம். வாரத்துக்கு ரெண்டு தடவ போன் பண்ணி அழறா. அனாடமி (உடற்கூறியல்) இன்டர்னல்ல ஃபெயில், வைவாவுல (வாய்மொழித் தேர்வு) பதில் தெரிஞ்சும் இங்கிலீஷ்ல வாய் வரல, நான் பேசினா சிரிக்கிறாங்க டீச்சர்ங்கிறா.

இன்னொரு பையன் நல்லா படிக்கிறான், அரியர் எதுவும் இல்ல, ஆனா போன தீபாவளிக்கு வந்தப்ப தெளிவா சொல்லிட்டான், "ஊருக்கெல்லாம் வரமாட்டேன் டீச்சர், பிஜி முடிச்சு சிட்டியில செட்டில் ஆயிடுவேன்"னு. அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல, ஆனா ராத்திரி தூக்கமும் வரல.

நாங்க ஸ்கூல்ல நீட்டுக்கு மட்டும்தான் தயார் பண்றோம், 180 கேள்வி, 720 மார்க், அவ்வளவுதான். சீட்டு வாங்கினதுக்கு அப்புறம் அந்தப் பிள்ளைங்க என்ன ஆகுறாங்கன்னு யாரும் பார்க்கிறதில்ல. கிராமத்துல வேலை பார்க்கிற டாக்டருங்க யாராவது இருந்தா சொல்லுங்க, பிளஸ் ஒன், பிளஸ் டூவிலேயே நாங்க என்ன செய்யலாம், காலேஜ் போனப்புறம் என்ன செய்யலாம்?

கிராமத்து_எம்ஓ:

டீச்சர் வணக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்துல (பிஎச்சி) மெடிக்கல் ஆபீசரா (எம்ஓ) இருக்கேன், 11 வருஷம் ஆச்சு. நானும் தமிழ் மீடியம்தான், அப்பா முந்திரிக் காட்டுல கூலி, அப்போ எண்ட்ரன்ஸ் இல்ல, பிளஸ் டூ மார்க்க வெச்சு சீட்டு கிடைச்ச காலம்.

முதல்ல அந்தப் பாப்பா விஷயம். இதுல லேட் பண்ணக் கூடாது ஏன்னா ஃபர்ஸ்ட் இயர் பரீட்சைக்கு 4 அட்டெம்ப்ட்தான், அதுக்குள்ள முடிக்கணும். நானும் அனாடமியில ஒரு தடவ போனேன், சப்ளிமெண்ட்ரியில எழுதித்தான் பாஸ் ஆனேன், அதனால அழுகை எனக்குப் புரியுது. எனக்கு அப்ப யாரும் சொல்லாத ஒண்ண சொல்றேன், மெடிக்கல் இங்கிலீஷுங்கிறது கான்வென்ட் பிள்ளைங்க பேசுற இங்கிலீஷ் இல்ல. பாதி லத்தீன், கிரேக்கம். "ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்ட்"னா அவங்களுக்கும் அன்னைக்குத்தான் தெரியும். வித்தியாசம் என்னன்னா அவங்களுக்கு நடுவுல வர்ற "is attached to", "passes behind", "is supplied by" தெரியும், நமக்குத் தெரியாது. அந்த மாதிரி ஒரு நூறு, நூத்தம்பது வாக்கியத்தை வாய்விட்டு சொல்லிப் பழகினா வைவா ஓடிடும். எனக்கு ஒரு சீனியர் அண்ணா தினமும் ராத்திரி 9 மணிக்கு மெஸ் வாசல்ல நிக்க வெச்சு ஒரு எலும்பைக் கையில குடுத்து அஞ்சு நிமிஷம் பேச வெப்பாரு, தப்பா பேசினாலும் நிறுத்த மாட்டாரு. மூணு மாசத்துல பயம் போச்சு. பிளஸ் டூ லீவுலயே நீங்க இதை ஆரம்பிக்கலாம் டீச்சர், நீட் முடிஞ்சதுல இருந்து காலேஜ் திறக்கிற வரைக்கும் மாசக்கணக்குல பிள்ளைங்க சும்மாதான் இருக்கும்.

இப்ப இன்னொரு பக்கம். வார்டுக்குப் போக ஆரம்பிச்சப்புறம் நிலைமை தலைகீழா மாறும், அதை அந்தப் பொண்ணுகிட்ட கட்டாயம் சொல்லுங்க. என் கூட படிச்ச ஒருத்தன் நல்ல புத்திசாலி, சிட்டி பையன், கேஸ் ஷீட்ல "நேத்து சாயங்காலம் மருந்து குடித்தார்"னு எழுதிட்டு என்ன மாத்திரைன்னு கேட்டுட்டு இருந்தான். எங்க ஊர்ல மருந்து குடிச்சிட்டான்னா பூச்சிமருந்துன்னு அஞ்சாம் கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும். நான் ஓடிப் போய் கண்ணைப் பார்த்தா கண்பாப்பா ஊசி முனை மாதிரி சுருங்கி இருக்கு, வாயில எச்சில் வழியுது. அதுக்கான மருந்து அட்ரோபின் போட்டாங்க, பொழச்சாரு.

அதே மாதிரி பூச்சி. ராத்திரியில பாம்புன்னு பேரைச் சொல்ல மாட்டாங்க, "பூச்சி கடிச்சிருச்சு"ன்னுதான் சொல்வாங்க. நான் பிஎச்சி சேர்ந்த ரெண்டாவது வருஷம், விடியக்காலம் ஒரு அம்மா வயித்து வலின்னு வந்தாங்க, வாந்தி, தொண்டை அடைக்குதுன்னாங்க. கடிச்ச தடம் எதுவும் இல்ல, பாம்பைப் பார்க்கவும் இல்ல. நான் கேட்டது ஒரே கேள்வி, ராத்திரி எங்கம்மா படுத்தீங்க? தரையில, கதவோரமா, பாய் கூட இல்லன்னாங்க. இமை லேசா தொங்க ஆரம்பிச்சிருந்துச்சு. கட்டுவிரியன். அது கடிச்சா வலிக்காது, தடமும் தெரியாது, தூங்குறவங்களைத்தான் கடிக்கும், வயித்து வலின்னுதான் வருவாங்க, கொஞ்ச நேரத்துல மூச்சு நின்னுடும். விஷமுறிவு மருந்து 10 குப்பி ஏத்தி, 108ல நானே கூட உக்காந்து அம்பு பேக் (கையால அமுக்கி மூச்சு குடுக்கிற பை) அமுக்கிகிட்டே ஜிஎச் கொண்டு போனேன். இன்னைக்கும் அந்த அம்மா சந்தையில பார்த்தா கைய புடிச்சுக்குவாங்க. அந்தக் கேள்வியை எனக்கு சொல்லிக் குடுத்தது புத்தகம் இல்ல டீச்சர், எங்க வீட்டுலயும் தரையிலதான் படுப்போம்.

உங்க பொண்ணுக்கு இது எல்லாம் ஏற்கனவே தெரியும். தெரியும்ங்கிறது அவளுக்குத் தெரியல, அவ்வளவுதான்.

கொங்கு_அம்மா:

எனக்கு ஒரு விஷயம் உறுத்துது, சொல்லிடுறேன். ஏன் எப்பவும் கிராமத்துல இருந்து போன பிள்ளைதான் கிராமத்துக்குத் திரும்பி வரணும்னு எதிர்பார்க்கிறோம்? கோடி ரூபா குடுத்து படிக்கிற பிள்ளைகிட்ட யாரும் இதைக் கேக்கிறதில்லையே. என் தம்பி பையன் இதே கோட்டாவுலதான் போனான், வீட்டுல தலைமேல கடன், ஒரு தங்கச்சி கல்யாணம், அவன் சம்பாதிச்சுத்தான் எல்லாம் ஆகணும். அந்தப் பையன் சிட்டிக்குப் போறேன்னு சொன்னா அது துரோகம் இல்லங்க. அவன் தலைமுறையே இப்பத்தான் மூச்சு விடுது.

வேலூர்_படிச்சவ:

கொங்கு அம்மா சொல்றதுல நியாயம் இருக்கு, ஆனா வேற மாதிரி ஒரு வழியும் இருக்கு, நான் அதுலதான் வந்தேன். வேலூர் சிஎம்சியில (கிறிஸ்தவ மெடிக்கல் காலேஜ்) ஸ்பான்சர்ஷிப் முறை ரொம்ப வருஷமா இருக்கு, சபையோ மிஷன் ஆஸ்பத்திரியோ நம்மள அனுப்பும், படிப்பு முடிஞ்சதும் ரெண்டு வருஷம் அவங்க சொல்ற ஆஸ்பத்திரியில வேலை பார்க்கணும். சேரும்போதே தெரியும், அதனால அது தண்டனை மாதிரி இருக்காது. நான் ரெண்டு வருஷத்துக்குன்னு போனேன், ஆறு வருஷம் இருந்தேன்.

என்னை அங்க இருக்க வெச்சது பாண்ட் இல்ல. முதல் வருஷத்துலயே எங்கள ஒரு கிராமத்துல தங்க வெச்சாங்க, வீடு வீடா போய் யாரு என்ன சாப்பிடுறாங்க, தண்ணி எங்க எடுக்கிறாங்க, பிரசவம் எங்க ஆச்சுன்னு எழுதினோம். அப்புறம் படிக்கிற எல்லாமே அந்த வீடுங்களோட சேர்ந்துதான் மனசுல நின்னுச்சு. சிஎம்சியை ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் அம்மா 1918ல பெண்களுக்கு டாக்டர் படிப்பு ஆரம்பிச்சப்பவே ரோட்டோரமா போய் வைத்தியம் பார்க்கிற வழக்கம் இருந்துச்சு, மாணவிகளையும் கூட்டிட்டுப் போவாங்க.

அப்புறம் தனியா விட்டா யாரும் நிக்க மாட்டாங்க டீச்சர். நான் போன இடத்துல ஒரு சீனியர் அக்கா இருந்தாங்க, சிசேரியன் எப்ப செய்யணும், எப்ப அனுப்பணும், எப்ப வீட்டுக்காரங்ககிட்ட உண்மையைச் சொல்லணும் எல்லாம் அவங்ககிட்ட கத்துகிட்டதுதான். முடிஞ்சா லீவுல அந்தப் பிள்ளைங்கள தர்மபுரி பக்கம் சித்தேரி மலை அடிவாரத்துல சிட்டிலிங்கிக்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க. டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993ல ஒரு குடிசையில ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி அங்க இருக்கு, உள்ளூர் பழங்குடி பொண்ணுங்களுக்கே பயிற்சி குடுத்து நர்ஸாவும் சுகாதாரப் பணியாளராவும் ஆக்கியிருக்காங்க. மலையில இருந்து போன உங்க பொண்ணு அதை ஒரு தடவ கண்ணால பார்க்கணும்.

பொதுசுகாதார_மாணவன்:

கம்யூனிட்டி மெடிசின்ல பிஜி பண்றேன், படிச்சதை வெச்சு கொஞ்சம் சொல்றேன். கொங்கு அம்மா கேட்ட கேள்வி உலகம் முழுக்க இருக்கு. அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல ஜெஃபர்சன் மெடிக்கல் காலேஜ்ல 1974ல ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, கிராமத்துல வளர்ந்து, கிராமத்துலயே குடும்ப டாக்டரா இருக்கணும்னு ஆசைப்படுற பிள்ளைங்களைத் தேடி எடுத்து, படிக்கும்போது கிராமத்துல பயிற்சி குடுக்கிறது. 1999ல வந்த ஆய்வுல, அந்த மாநிலத்து ஏழு மெடிக்கல் காலேஜ்ல படிச்சு வந்தவங்கள்ல இவங்க 1 சதவீதம்தான், ஆனா அங்கயே படிச்சு அந்த மாநில கிராமப்புறத்துல இருக்கிற குடும்ப டாக்டருங்கள்ல 21 சதவீதம் இவங்கதான். ஜப்பான்ல ஜிச்சி மெடிக்கல் யுனிவர்சிட்டி 1972ல ஆரம்பிச்சது, ஒவ்வொரு மாகாணத்துல இருந்தும் ரெண்டு மூணு பேரை எடுப்பாங்க, 9 வருஷம் சொந்த மாகாணத்துல வேலை பார்த்தா படிப்புக் கடன் தள்ளுபடி. உலக சுகாதார நிறுவனமும் 2010லயே கிராமத்துப் பிள்ளைங்களைச் சேருங்க, படிக்கும்போதே கிராமத்துக்கு அனுப்புங்கன்னு சொல்லிடுச்சு.

நம்ம 7.5 சதவீதம் இதுல இருந்து வேற. அது பள்ளிக்கூடத்தைப் பார்த்து குடுக்கிறது, சென்னை மாநகராட்சிப் பள்ளி பிள்ளைக்கும் உண்டு, ஊருக்கு வரணும்னு எந்த நிபந்தனையும் இல்ல. அது சமூக நீதிக்காக வந்த சட்டம், அப்படித்தான் இருக்கணும். அதனால ஊருக்கு டாக்டர் வேணும்ங்கிற பாரத்தை அந்த ஒதுக்கீட்டு மேல மட்டும் ஏத்தக் கூடாதுன்னு நினைக்கிறேன். ஆனா ஊர்ல வளர்ந்தவங்கதான் ஊர்ல அதிகமா தங்குறாங்கங்கிறதும் உண்மை, ரெண்டையும் சேர்த்துதான் பார்க்கணும்.

டீச்சர், அந்தப் பையன்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. பிஜி வேணும்னா ஊரை விடணும்னு இல்ல. எம்ஆர்பி (அரசு டாக்டர் வேலைக்கான தேர்வு) எழுதி பிஎச்சிக்கு வந்தா, ஸ்டேட் கோட்டா பிஜி சீட்ல 50 சதவீதம் சர்வீஸ்ல இருக்கிறவங்களுக்குத்தான். மலை, ரிமோட் ஏரியான்னா வருஷத்துக்கு 10 சதவீதம்னு 30 சதவீதம் வரைக்கும் ஊக்க மதிப்பெண்ணும் உண்டு. சம்பளமும் வரும், கொங்கு அம்மா சொன்ன மாதிரி வீட்டுல கடன், தங்கச்சி கல்யாணம்னு இருந்தாலும் பார்த்துக்கலாம்.

கிராமத்து_எம்ஓ:

தம்பி சொன்னது சரி. நான் அந்த வழியில பிஜிக்குப் போகாம இருந்துட்டேன், அது என் முடிவு, எல்லாரும் அப்படி இருக்கணும்னு இல்ல.

டீச்சர், பையன் ஊருக்கு வந்தா அறிவு துருப்பிடிச்சிடும்னு பயப்படுறானோ என்னவோ, எனக்கும் அந்தப் பயம் இருந்துச்சு. மகாராஷ்டிராவுல மஹாட்ங்கிற ஊர்ல டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர்னு ஒருத்தர் இருக்காரு, ஏழை விவசாயக் குடும்பம், ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை பார்க்கும்போது செந்தேள் கடிச்சு பிள்ளைங்க கொத்துக் கொத்தா சாகுறதைப் பார்த்தாரு. ராத்திரி முழுக்க பக்கத்துலயே உக்காந்து பல்ஸு, பிரஷர் எழுதி, பிராசோசின் மாத்திரை குடுத்தா பொழைக்கிறாங்கன்னு கண்டுபிடிச்சு 1986ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல எழுதினாரு. 2022ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. சிட்டியில உக்காந்திருந்தா அந்தக் கேஸை அவரு பார்த்திருக்கவே முடியாது.

மூணாம்_வருஷம்:

நான் 7.5ல வந்தவன்தான், இப்ப தேர்ட் இயர். டீச்சர், அந்த அக்கா இல்ல தங்கச்சி, யாரா இருந்தாலும் தனியா இல்லன்னு சொல்லுங்க. எனக்கு ஃபர்ஸ்ட் இயர்ல மெஸ்ல ஸ்பூன்ல சாப்பிடத் தெரியலன்னு கூட வெக்கமா இருந்துச்சு, "எந்த ஸ்கூல்"னு கேட்டா பேச்சை மாத்திடுவேன். ஊருக்கு போன் பண்றதையே குறைச்சுட்டேன். இப்ப யோசிச்சா ஊர் மேல வெறுப்பு இல்ல, நான் ஊர்க்காரன்னு தெரிஞ்சா சிரிப்பாங்கங்கிற பயம்தான். உங்க பையனுக்கும் அதுதான் இருக்குமோன்னு தோணுது, தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க.

எனக்கு மாறினது கிராமத்துக் குடும்பங்களை தத்தெடுக்கிற ப்ரோக்ராம்லதான். ஒவ்வொரு ஸ்டூடண்டுக்கும் சில குடும்பம் குடுப்பாங்க, நாங்க போய் பிரஷர், சுகர் பார்த்து எழுதணும். பேட்ச்ல நிறைய பேருக்கு பேசவே வரல. நான் போன வீட்டுப் பாட்டி என்கிட்ட மட்டும் சுகர் மாத்திரையை பாதி பாதியா உடைச்சு சாப்பிடுறதைச் சொன்னாங்க, மாத்திரை தீர்ந்தா பஸ்ஸுக்கு காசு இல்லன்னு. மேடம் எல்லார் முன்னாடியும் அதைக் கேஸா பேசச் சொன்னாங்க. அன்னைக்குத்தான் முதல் தடவ கிளாஸ்ல நிமிர்ந்து நின்னேன்.

மலையடிவார_டீச்சர்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. தம்பி, நீங்க எழுதினதைப் படிச்சுட்டு பையனுக்கு போன் பண்ணேன், ஊருக்கு வான்னு ஒரு வார்த்தை கூட சொல்லல, "காலேஜ்ல எந்த ஸ்கூல்னு கேட்டா என்னடா சொல்லுவ"ன்னு மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் பொங்கலுக்கு வர்றேன், பிளஸ் ஒன் பிள்ளைங்ககிட்ட பேசட்டுமான்னு அவனே கேட்டான்.

இந்த வருஷம் நீட் முடிஞ்சதும் எம்ஓ சார் சொன்ன மாதிரி தினமும் அஞ்சு நிமிஷம் இங்கிலீஷ்ல பேச வெக்கப் போறேன், எங்க லேப்ல ஒரு எலும்புக்கூடு இருக்கு. பக்கத்து பிஎச்சி டாக்டர் அம்மாகிட்ட பேசி, பிளஸ் ஒன் பிள்ளைங்க சனிக்கிழமை சனிக்கிழமை ஓபியில ஒரு ஓரமா நின்னு பார்க்க முடியுமான்னு கேக்கணும். பொண்ணு இன்னைக்கும் அழுதா, ஆனா கட்டுவிரியன் கதையை அவளுக்குப் படிச்சுக் காட்டினேன், உடனே எங்க பெரியப்பாவுக்கும் அப்படித்தான் வயித்து வலின்னு ஆரம்பிச்சுச்சு டீச்சர், யாருக்கும் தெரியலன்னா.

மூணாம்_வருஷம்:

டீச்சர், அனாடமி வைவா கேள்விங்க நான் தமிழ்ல அர்த்தம் எழுதி, கீழ இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லணும்னு எழுதி வெச்ச ரெண்டு நோட்டு இருக்கு. கை, கால் பகுதி முழுசா இருக்கு, தலை கழுத்து பாதிதான். போட்டோ எடுத்து அனுப்புறேன், அவங்கள என் ஐடிக்கு மெசேஜ் பண்ணச் சொல்லுங்க. ராத்திரி 9 மணிக்கு மேல நான் ஃப்ரீதான், போன்லயே வைவா கேக்குறேன்.